நாலேகால் இஞ்சு

சின்னவர்: ...நிக்க மாட்டேங்குதுங்க. அதான் பிரச்சினையே. மாத்தி வச்சா நிக்க மாட்டேங்குது.

நெட்காரர்: எது சார் நிக்கல? ரூட்டரா?

சின்னவர்: ரூட்டர் நல்லாத்தான் நிக்குது, அலமாரி மேல. செட்டிங் நிக்கல.

நெட்காரர்: என்ன செட்டிங்?

சின்னவர்: அதெல்லாம் எனக்குத் தெரியாது.

மனைவி: தெரியாமத்தான் மாத்தி வச்சீங்களாக்கும்?

சின்னவர்: நீ காபி போடப் போனியே...

மனைவி: பால் அடுப்புல இருக்கு. பொங்கறதுக்குள்ள கேட்டுட்டுப் போயிடறேன்.

நெட்காரர்: காபி இருக்கட்டும் மேடம். கையைக் கழுவிக்கறேன். நேராப் போய் இடது பக்கம்தானே... இல்ல இல்ல, இங்க வலது பக்கம் வரும்.

மனைவி: எப்படிங்க கரெக்டா சொல்றீங்க?

நெட்காரர்: எல்லா வீட்லயும் அப்படித்தான் மேடம். ஒண்ணு இடது, இல்லாட்டி வலது.

சின்னவர்: அதை விடுங்க. மணி நாலே முக்கால் ஆச்சு. ஆறு மணிக்குள்ள எனக்கு லைன் வேணும்.

நெட்காரர்: ஆறு மணிக்கு என்ன சார்? ஆபீஸ் மீட்டிங்கா?

சின்னவர்: ...மீட்டிங் மாதிரிதான்.

மனைவி: பீரங்கி வண்டி.

நெட்காரர்: என்ன மேடம்?

மனைவி: டிவிக்குக் கீழ கருப்பா ஒரு பெட்டி இருக்கு பாருங்க, கேம் பெட்டி. அதுல பீரங்கி வண்டி ஓட்டுவாங்க. வண்டிக்கு ரெண்டு ஆள். இவருக்கு நாப்பத்தாறு வயசு. சாயந்தரம் அஞ்சு மணியானா கால் தரையில நிக்காது.

சின்னவர்: ஓட்டறது நான் இல்ல. நான் சுடறவன்.

மனைவி: பெரிய வித்தியாசம்.

சின்னவர்: வித்தியாசம் இருக்குடி. ஓட்டறது ஒருத்தன், சுடறது ஒருத்தன். அவன் எங்கயோ அவன் வீட்ல உக்கார்ந்து ஓட்டுவான், நான் இங்க இருந்து சுடுவேன். ரெண்டு வருஷமா ஒரே ஜோடி. இப்ப பத்து நாளா சேரவே முடியல. சேரப் போனா கனெக்‌ஷன் இல்லைங்குது.

நெட்காரர்: வேற ஆளைச் சேத்துக்கலாமே சார். லட்சம் பேர் ஆடறாங்க.

சின்னவர்: முடியாது.

நெட்காரர்: சரி, ஜோடி பிரிஞ்சா அவரையே மறுபடி கூப்பிட்டுக்கலாம்ல?

சின்னவர்: அது இன்னும் முடியாது. பத்து நாள் சேர்ந்து ஆடலைன்னா கேமே ஜோடியைக் கலைச்சிடும். இன்னிக்குப் பத்தாவது நாள். ஆறு மணிக்குக் கலைச்சிடும். அப்புறம் யாராவது ஒருத்தன் முதல்ல 'வர்றியா'ன்னு கேக்கணும். நான் கேக்க மாட்டேன். அவனும் கேக்க மாட்டான்.

நெட்காரர்: முதல் தடவை யார் சார் கேட்டது?

சின்னவர்: யாரும் கேக்கல. கிட்டத்துல இருக்கிற ஆள்னு சொல்லி கேமாவே சேத்து விட்டுச்சு.

நெட்காரர்: எவ்வளவு கிட்டத்துல?

சின்னவர்: ...பூஜ்யம் கிலோமீட்டர்னு போட்டிருந்தது. அது ஏதோ மிஸ்டேக்கா இருக்கும்.

மனைவி: இருக்கும் இருக்கும்.

நெட்காரர்: சரி, பெட்டியை ஆன் பண்ணுங்க. நெட்வொர்க் டெஸ்ட் போடுங்க... கீழ, கீழ... அதான். பாருங்க, 'நேட் டைப் ஸ்ட்ரிக்ட்'.

சின்னவர்: அது நேத்து ஓப்பன்னு வந்துச்சு. அப்புறம் ஸ்ட்ரிக்ட். அப்புறம் ஓப்பன். சொன்னேனே, நிக்கலன்னு.

மனைவி: ஸ்ட்ரிக்ட்னா என்னங்க?

நெட்காரர்: ரூட்டரை வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வச்சுக்குங்க மேடம். வீட்டுக்குள்ள இருந்து யாரும் வெளிய போகலாம், கேக்க மாட்டான். வெளிய இருந்து வர்றவனைத்தான் நிறுத்துவான். யாரு, எந்த வீட்டுக்குன்னு கேப்பான். கேம்ல கூட ஆடறவர் வெளிய இருந்து வர்ற ஆள். அவருக்குன்னு ஒரு கதவு நம்பரைச் சொல்லி, 'இவர் வந்தா விடு'ன்னு நாம எழுதி வைக்கணும். எழுதலைன்னா விடமாட்டான். அதான் ஸ்ட்ரிக்ட்.

சின்னவர்: அவன் வெளியாள் இல்ல.

நெட்காரர்: என்ன சார்?

சின்னவர்: ஒண்ணுமில்ல. மேல சொல்லுங்க.

நெட்காரர்: உங்க ரூட்டர் பக்கத்தைத் திறக்கறேன். கதவு எழுதறது மூணு நிமிஷ வேலை... ம்ம்.

சின்னவர்: என்ன ம்ம்?

நெட்காரர்: இந்த ரூட்டருக்கு வெளி நம்பரே வரல சார். வந்திருக்கிறது இன்னொரு ரூட்டர் குடுத்த நம்பர். அதாவது உங்க வாட்ச்மேனுக்கு முன்னாடி இன்னொரு வாட்ச்மேன் நிக்கறான். இவன் விட்டாலும் அவன் விடமாட்டான். வீட்ல இன்னொரு ரூட்டர் இருக்கா?

சின்னவர்: இல்லையே. இது தனி கனெக்‌ஷன். இவதான் கம்பெனியில சொல்லிப் போட்டா.

நெட்காரர்: அப்படியா மேடம்?

மனைவி: பால் பொங்குது.

நெட்காரர்: சத்தம் ஒண்ணும் வரலியே மேடம்... சரி, இந்த வயர் எங்க போகுதுன்னு பார்த்துடறேன். ரூட்டர்ல இருந்து கீழ இறங்கி... அலமாரி பின்னாடி... பீரோ பின்னாடி. சார், பீரோவை ஒரு பக்கம் பிடிங்க.

மனைவி: பீரோவை நகர்த்தாதீங்க!

சின்னவர்: ஏன்?

மனைவி: அதுக்குக் கால் ஆடுது.

சின்னவர்: நேத்துதானே பீரோ மேல ஏறி ஒட்டடை அடிச்சே?

மனைவி: அதுல இருந்துதான் ஆடுது.

நெட்காரர்: மெதுவா நகர்த்தறோம் மேடம். ஒரு... ரெண்டு... போதும் சார். மேடம், வயர் சுவருக்குள்ள போகுது.

மனைவி: ஓஹோ.

சின்னவர்: என்னடி ஓஹோ?

நெட்காரர்: ஓட்டையைச் சுத்தி வெள்ளையா ஏதோ பூசியிருக்கு. புட்டி மாதிரியும் இல்ல, வாசனையா இருக்கு.

மனைவி: ...டூத்பேஸ்ட்.

சின்னவர்: டூத்பேஸ்ட்டா?

மனைவி: அவசரத்துக்கு அதான் கிடைச்சுது. சரி, சொல்லிடறேன். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. சுவருக்கு அந்தப் பக்கம் இவரோட அண்ணன் வீடு. முன்னாடி எல்லாம் ஒரே வீடுதான். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஹாலுக்குக் குறுக்க சுவரை வச்சு ரெண்டாக்கினாங்க. அதுல இருந்து அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல. நெட்டு அவங்க வீட்லதான் இருந்துச்சு. நான் கம்பெனியில கேட்டேன், புது லைன் இழுக்க ரெண்டு மாசம் ஆகும்னான். அக்காகிட்ட சொன்னேன்...

நெட்காரர்: அக்கான்னா?

மனைவி: என் ஓரகத்தி. இவரோட அண்ணன் பொண்டாட்டி. 'இதுக்கு எதுக்கு ரெண்டு மாசம்'னாங்க. சுவர் கட்டும்போது சாரத்துக்கு விட்ட ஓட்டை அப்படியே இருந்துச்சு. ரெண்டு பேரும் வெளிய போன நேரமாப் பார்த்து, அந்தப் பக்கம் இருந்து அக்கா துணி காயப்போடற கம்பியில வயரைக் கட்டி விட்டாங்க, நான் இந்தப் பக்கம் இழுத்தேன். மூணு வருஷம் ஆச்சு.

சின்னவர்: என்ன? அவன் வீட்டு நெட்லயா நான் இத்தனை நாளா...? எனக்குத் தெரியாம...? இது எவ்வளவு பெரிய...

மனைவி: நீங்க அதிர்ச்சி ஆகறது அரை செகண்ட் லேட்டா வருதுங்க.

சின்னவர்: நிஜமாவே அதிர்ச்சிதான்.

மனைவி: ம்.

நெட்காரர்: சார், நான் ஒண்ணு கேக்கலாமா? பேச்சு வார்த்தை இல்லாமப் போற அளவுக்கு அப்படி என்ன...

சின்னவர்: சுவர்.

நெட்காரர்: சுவருக்கு என்ன?

சின்னவர்: நடுவுல வரணும்னு பேச்சு. நாலேகால் இஞ்சு தள்ளி வந்திருக்கு. டேப் வச்சு அளந்தேன்.

மனைவி: நாலு தடவை அளந்தாரு.

நெட்காரர்: நாலேகால் இஞ்சுக்கு நாலு வருஷமா! இஞ்சுக்கு ஒரு வருஷமா சார்? அப்படின்னா கால் இஞ்சுக்கு மூணு மாசம் இருக்கு.

மனைவி: அதுவும் போன வாரத்தோட முடிஞ்சுது.

நெட்காரர்: அப்ப விட்டுடலாமே. அண்ணன்தானே எடுத்துக்கிட்டார், போகட்டும்னு...

சின்னவர்: நீங்க ரூட்டரைப் பாருங்க.

நெட்காரர்: பாக்கறேன். முதல்ல உங்க வாட்ச்மேனை உக்கார வச்சிடறேன். இந்த ரூட்டர் இனிமே யாரையும் எதுவும் கேக்காது, வெறும் வழி விடும். இப்ப ஒரே வாட்ச்மேன்தான், அது அவங்க வீட்ல இருக்கிறவன். அவன்கிட்ட எழுதணும்னா அந்த ரூட்டர் பாஸ்வேர்டு வேணும்.

சின்னவர்: அது எனக்கு எப்படிங்க தெரியும்?

நெட்காரர்: அப்ப பக்கத்து வாசல்தானே, நான் போய்க் கேட்டுட்டு வந்துடறேன். பத்தடி.

சின்னவர்: வேணாம்!

நெட்காரர்: ஏன் சார்?

சின்னவர்: ...போனைக் குடுங்க. சும்மா ஒண்ணு அடிச்சுப் பார்க்கறேன். குருட்டாம்போக்குல.

நெட்காரர்: திறந்துடுச்சு சார்.

சின்னவர்: பாருங்களேன்.

மனைவி: குருட்டாம்போக்குல பதினோரு எழுத்து.

சின்னவர்: அவன் எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான்டி. சைக்கிள் பூட்டுல இருந்து அதான். கூடவே வளர்ந்தவனுக்குத் தெரியாதா?

நெட்காரர்: நல்லதாப் போச்சு. இது பத்து நாள் முன்னாடி புதுசா மாட்டின ரூட்டர். பழசுல இருந்த கதவெல்லாம் போயிருக்கும். அதான் உங்களுக்கு அன்னிக்கு ஆரம்பிச்சிருக்கு. இதுல ஒரு லிஸ்ட் இருக்கும் சார். யார் எப்ப உள்ள வந்தாங்க, என்னத்தை மாத்தினாங்கன்னு...

சின்னவர்: லிஸ்ட் எல்லாம் எதுக்குங்க? நேரம் ஆகுது.

நெட்காரர்: ஏன் நிக்கலன்னு தெரியணும்ல?

சின்னவர்: அதைத் திறக்காதீங்க!

மனைவி: ஏன், அதுக்கும் கால் ஆடுதா?

நெட்காரர்: திறந்துட்டேன் சார். ம்ம்... கதவு யாருக்குன்னு மாத்தி மாத்தி எழுதியிருக்கு. நேத்து அஞ்சுல இருந்து ஆறுக்குள்ள மட்டும் பதினோரு தடவை. ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இந்த ரூட்டர் அணைஞ்சு திரும்ப எழுந்திருக்கும். மூணு நிமிஷம் ஆகும். பதினோரு மூணு முப்பத்து மூணு. மீதி இருபத்தேழு நிமிஷத்துல எங்க சார் பீரங்கி ஓட்டறது?

மனைவி: யாருங்க மாத்தினது?

நெட்காரர்: பாதி இந்த வீட்ல இருந்து போயிருக்கு.

மனைவி: என்னங்க...

சின்னவர்: என்ன?

மனைவி: நெட் எங்க இருந்து வருதுன்னு தெரியாத மனுஷன், அங்க போய் எப்படி எழுதினீங்க?

சின்னவர்: ...டூத்பேஸ்ட் வாசனை மூணு வருஷமா பீரோ பின்னாடி இருந்து வருது. நான் என்ன மூக்கு இல்லாதவனா?

மனைவி: அப்ப முதல் நாள்லயே தெரியும்.

சின்னவர்: ரெண்டாவது நாள்.

மனைவி: தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?

சின்னவர்: சொன்னா கழட்டணும். கழட்டினா நெட் கிடையாது.

மனைவி: நெட்டுக்காக மட்டும்தான்?

சின்னவர்: ...காபி என்ன ஆச்சு?

நெட்காரர்: சார், ஒண்ணு புரியல. கதவை நீங்க உங்க பெட்டிக்கு எழுதியிருந்தா சரி. இங்க இருந்து போனது எல்லாமே அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு எழுதியிருக்கு. 'பெரியவர்'னு ஒரு பெட்டி. உங்க அண்ணனும் ஆடறாரா?

சின்னவர்: ஆடுவான்போல.

நெட்காரர்: நீங்க எதுக்கு அவருக்குக் கதவைத் திறந்து விடறீங்க?

சின்னவர்: ஒரு கதவுதான் எழுத முடியுது. நம்ம பெட்டிக்கு எழுதினா அவனுக்கு ஸ்ட்ரிக்ட் ஆயிடும். ஓட்டறவன் அவன். ஓட்டறவனுக்குத்தான் லைன் சரியா இருக்கணும். சுடறவன் கொஞ்சம் முன்ன பின்ன சுட்டா என்ன ஆயிடப் போகுது?

நெட்காரர்: அப்ப உங்க ஜோடி...

மனைவி: அண்ணன்தான். எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். இவருக்குத் தெரியும்னுதான் எனக்குத் தெரியாது.

சின்னவர்: தெரியாமப் போகுமா? வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஹாரன் அடிப்பான். தினம் காலையில வாசல்ல பைக்கை எடுக்கும்போதும் அதேதான். ரெண்டு தடவை. தெருவே காலியா இருந்தாலும் ரெண்டு தடவை. கேம்ல முதல் நாளே அடிச்சான். முதல்ல சுவர்ல கேட்டுது, அப்புறம்தான் டிவியில வந்துச்சு.

நெட்காரர்: சுவர்ல இருந்து முன்னாடியா?

சின்னவர்: அரை செகண்ட் முன்னாடி.

நெட்காரர்: அது லேக் சார், நெட்ல வர்ற தாமதம்.

சின்னவர்: பேரெல்லாம் எனக்குத் தெரியாது. சுவர்ல கேட்டதும் நான் துப்பாக்கியைத் திருப்பிடுவேன். வேற எவனும் அப்படி ரெடியா இருக்க முடியாது. அதான் நாங்க தோக்கறதில்ல.

மனைவி: வாயால ஒரு வார்த்தை கிடையாது. மைக்கை ரெண்டு பேருமே கழட்டி வச்சிருக்காங்க.

சின்னவர்: அதான் பட்டன் இருக்கே. 'நன்றி', 'பின்னால வா', 'ஸாரி'. போதும். ரெண்டு வருஷமா ஓட்டறோம்ல?

நெட்காரர்: நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா சார்?

சின்னவர்: தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா மறுநாள் வரமாட்டான், அவ்வளவு ரோஷக்காரன். அதனால நீங்க என்ன பண்றீங்க, அந்தக் கதவை அவனுக்கே எழுதிப் பூட்டிடுங்க. நிக்கணும். நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு வெளிய வரக்கூடாது.

நெட்காரர்: பூட்டினாலும் நிக்காது சார்.

சின்னவர்: ஏன்?

நெட்காரர்: மீதிப் பாதி அந்த வீட்ல இருந்து மாத்தியிருக்கு.

சின்னவர்: அவனா? எனக்குத் தெரியாம தனக்குன்னு எழுதிக்கறானா? எழுதிக்கட்டும்ங்க. அதைத்தானே நானும்...

நெட்காரர்: தனக்கு எழுதிக்கல.

சின்னவர்: பின்ன?

நெட்காரர்: உங்களுக்கு. இதோ பாருங்க, 'சின்னவன்'னு. நீங்க அவருக்கு எழுதறீங்க, ரூட்டர் அணைஞ்சு எழுந்திருக்குது. அவர் பார்த்தா தனக்கு ஓப்பன்னு வருது. உடனே உங்களுக்கு எழுதறார். மறுபடி அணைஞ்சு எழுந்திருக்குது. நீங்க பார்த்தா உங்களுக்கு ஓப்பன். உடனே நீங்க அவருக்கு... இப்படியே பத்து நாள். ரூட்டர்மேல ஒரு தப்பும் இல்ல சார். பாவம், அதுக்குத்தான் தூக்கமே இல்ல.

மனைவி: ...என்னங்க? என்னங்க, கண்ணு...

சின்னவர்: ஏசி காத்து.

மனைவி: ஏசி போடவே இல்ல.

நெட்காரர்: இன்னொண்ணும் சொல்லிடறேன் சார். காலையில பதினோரு மணிக்கு நான் அந்த வீட்லதான் இருந்தேன்.

சின்னவர்: எந்த வீட்ல?

நெட்காரர்: அண்ணன் வீட்ல. இதே கம்ப்ளெய்ன்ட். 'செட்டிங் நிக்கல.' லிஸ்ட்டைத் திறக்க விடல. பாஸ்வேர்டைத் தானே அடிச்சுக் குடுத்து, கதவை 'சின்னவன்' பேருக்கு எழுதிப் பூட்டச் சொன்னார். அவர் பையனாக்கும்னு நான் எழுதிட்டுப் போயிட்டேன். மதியம் மூணு மணிக்கு அது மாறியிருக்கு. இங்க இருந்து.

சின்னவர்: அது... சாப்பிட்டுட்டு சும்மா பார்த்தேன்.

மனைவி: அவர் ஏன் அப்படி எழுதச் சொன்னார்? கேட்டீங்களா?

நெட்காரர்: கேட்டேன் மேடம். 'ஓட்டறவன் எப்படியும் சமாளிச்சுப்பான், சுடறவனுக்குத்தான் லைன் சரியா இருக்கணும்'னார். தான் சொன்னதா யாருக்கும் தெரியக்கூடாதுன்னார். தெரிஞ்சா அவன் வரமாட்டான், ரோஷக்காரன்னும் சொன்னார்.

சின்னவர்: யாரு ரோஷக்காரன்? நானா?

மனைவி: இல்ல, பக்கத்துத் தெரு ஆள்.

சின்னவர்: சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாருன்னா நீங்க எதுக்குச் சொல்றீங்க?

நெட்காரர்: நீங்களும் கேட்டுக்கிட்டீங்க. அதுக்கு இது கழிஞ்சு போச்சு. மணி அஞ்சே முக்கால் தாண்டிடுச்சு சார். நான் ஒண்ணு பண்றேன். ரெண்டு கதவு எழுதறேன். அவருக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு.

சின்னவர்: அப்படி எழுத முடியுமா?

நெட்காரர்: தாராளமா. உங்க பெட்டியில கதவு நம்பரை மாத்திட்டாப் போதும். ரெண்டு பேரும் அதைக் கேக்கவே இல்லியே. 'அவனுக்குக் குடு'ன்னுதானே கேட்டீங்க. இதோ... முதல் கதவு, பெரியவர்... ரெண்டாவது, சின்னவன்... இப்ப சேவ்... அடடா.

சின்னவர்: என்ன? என்ன ஆச்சு?

நெட்காரர்: சிவப்பு லைட். அணைஞ்சு எழுந்திருக்குது. நான் சேவ் பண்றதுக்குள்ள அந்தப் பக்கம் இருந்து எழுதிட்டார்.

சின்னவர்: எழுதியே கெடுத்தான் பாவி! மூணு நிமிஷம் போச்சே!

நெட்காரர்: எழுந்ததும் மறுபடி எழுதுவார் சார். கை பரபரன்னு இருக்கும். ஆறு மணிக்குள்ள இன்னொரு சான்ஸ்தான் இருக்கு. யாராவது போய் அவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லணும்.

சின்னவர்: ...நான் போக மாட்டேன்.

நெட்காரர்: நான் போகட்டுமா?

சின்னவர்: நீங்க போனா யார் இங்க எழுதறது?

மனைவி: தள்ளுங்க ரெண்டு பேரும். அந்த ஓட்டைகிட்ட விடுங்க என்னை. அக்கா... அக்கா! கேக்குதா? நான்தான். ஆமா, டைம் இல்ல, அப்புறம் பேசலாம். அவர் கையில இருந்து போனைப் பிடுங்குங்க. ஆமா, போனை! எதுக்கா? வந்த ஆள் ரெண்டு பேருக்கும் கதவு எழுதறாராம். அவர் குறுக்க எழுதினாக் கெட்டுப்போகும்... என்னது? குடுக்க மாட்டேங்கறாரா?

சின்னவர்: மெதுவாப் பேசுடி. அவனுக்குக் கேக்கும்.

மனைவி: கேக்கறதுக்குத்தானே பேசறேன். அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க, 'தம்பி ஆறு மணியைப் பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருக்கான்'னு. ஆமா. தம்பின்னே சொல்லுங்க.

சின்னவர்: ஐயோ.

மனைவி: ...குடுத்துட்டாராம்.

நெட்காரர்: உடனேயா?

மனைவி: கேட்டதும் போனைக் கீழ வச்சுட்டு, கன்ட்ரோலரைக் கையில எடுத்துக்கிட்டாராம்.

நெட்காரர்: பச்சை வந்துடுச்சு சார். இருங்க. பெரியவர், எழுதியாச்சு. சின்னவன், எழுதியாச்சு. சேவ். இப்ப நம்மளாலயே ஒரு மூணு நிமிஷம் போகும். பாஸ்வேர்டும் மாத்திட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன், அவருக்கும் சொல்ல மாட்டேன். மேடம், இதை எழுதி வச்சுக்குங்க.

மனைவி: ஓட்டை வழியா அக்காவுக்கும் குடுத்துடறேன்.

சின்னவர்: மணி என்ன?

மனைவி: அஞ்சு அம்பத்து நாலு.

சின்னவர்: இப்ப?

மனைவி: அம்பத்து நாலுதான்.

சின்னவர்: கடிகாரம் ஓடுதா?

மனைவி: ஓடுது. நீங்க உக்காருங்க.

நெட்காரர்: வந்துடுச்சு. டெஸ்ட் போடுங்க சார்.

சின்னவர்: ...ஓப்பன்.

நெட்காரர்: நிக்குதா?

சின்னவர்: நிக்குது. உள்ள போறேன். ஜோடி... தேடுது... தேடுது... தேடிக்கிட்டே இருக்கு...

மனைவி: அம்பத்தொன்பதுங்க.

சின்னவர்: தெரியும்டி!

மனைவி: ஷ்ஷ். கேட்டீங்களா?

சின்னவர்: எங்க?

மனைவி: ஹாரன். ரெண்டு.

நெட்காரர்: சுவர்லயா, டிவியிலயா மேடம்?

மனைவி: தெரியலியே. ரெண்டும் ஒண்ணா வந்துச்சு.

சின்னவர்: ...வந்துட்டான். வண்டி நகருது.

நெட்காரர்: நல்லது சார். நான் சாமானை எடுத்து வச்சுக்கறேன்.

மனைவி: அவர் ஏதோ பட்டன் அமுக்கறார் பாருங்க. என்னங்க எழுதியிருக்கு?

சின்னவர்: 'ஸாரி.'

மனைவி: எதுக்காம்? பத்து நாள் ஆடாததுக்கா, நாலு வருஷம் பேசாததுக்கா?

சின்னவர்: அந்தப் பட்டன்ல அதெல்லாம் வராது. ஸாரி மட்டும்தான் வரும்.

மனைவி: நீங்க என்ன அமுக்கினீங்க?

சின்னவர்: அதேதான்.

நெட்காரர்: பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளிடறேன் மேடம்... சார், ஆடும்போது தொந்தரவு பண்றேன். ஒண்ணு கவனிச்சேன்.

சின்னவர்: சொல்லுங்க. கண்ணு மட்டும்தான் இங்க.

நெட்காரர்: காலையில அந்த ரூம்ல சுவரோரம் பார்த்தேன், டைலை வெட்டி ஒடுக்கிப் போட்டிருந்தது. இங்க முழு டைல் போட்டு, அதுக்கு மேல துண்டு வேற வச்சிருக்கு. அப்படிப் பார்த்தா அந்த நாலேகால் இஞ்சும் உங்க பக்கம்தானே சார் அதிகமா இருக்கு? அண்ணன் ஒண்ணும் எடுத்துக்கலியே?

சின்னவர்: எடுத்துக்கிட்டான்னு நான் எப்பங்க சொன்னேன்? அவனுக்குப் பிள்ளைங்க ரெண்டு, அவன் பக்கம் ஆறு இஞ்சு கூட விடுங்கன்னு கொத்தனார்கிட்ட ரகசியமாச் சொல்லிட்டு ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, எனக்குத் தெரியாம சுவரை நாலேகால் இஞ்சு அவன் பக்கமாத் தள்ளி வச்சிருக்கான். அதுக்குத்தான் அவன்கூடப் பேசறதில்ல.